கண்ணாடிக்கூரை உதாரணம் சரிதானா? மகள் கேட்டாள், பதில் தெரியவில்லை

கல்மண்டபம்வாசி | ஞாயிறு, இரவு 10.40

ராயபுரத்தில் மூன்றாவது மாடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து ராத்திரி பத்து மணிக்கும் கூரை அனல் விடுகிறது, ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டையே கீழே இறக்குகிறது. தூக்கம் வராமல் மகளும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். ஜூனில் பத்தாவது போகிறாள். பூமி ஏன் சூடாகிறது என்று கேட்டாள். எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்: பூமிக்கு மேலே சில வாயுக்கள் கண்ணாடிக்கூரை மாதிரி இருக்கின்றன, வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, அதுதான் பசுமை இல்ல விளைவு.

அவள் படுத்தபடியே மேலே காட்டி, "கூரைன்னா ரெண்டு பக்கமும் தடுக்கணும்ல? வரும்போது விட்டுட்டு, போகும்போது மட்டும் எப்படிம்மா பிடிக்கும்?" என்றாள். முழித்தேன். போதாததற்கு எதிர்வீட்டு அண்ணன் ஓசோனில் ஓட்டை விழுந்து வெயில் நேராக இறங்குகிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவளுக்கு இன்னொரு சந்தேகம், எண்ணூர் புகைக்கூண்டுகள் பக்கத்தில் இருப்பதால்தான் நம் பக்கம் இப்படி வேகிறதா என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பத்தாவது பெண்ணுக்குப் புரிகிற மாதிரி.

ஐஸ்பெட்டி | 10.52

வடசென்னையில் பசுமை இல்ல. அதன் விளைவு. அவ்வளவுதான் அக்கா.

(சும்மா சொன்னேன். முதலில் ஷீட்டுக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கோட் அடியுங்கள். காசிமேட்டில் எங்கள் ஐஸ் ரூமுக்கு அடித்திருக்கிறோம், வித்தியாசம் உள்ளே கால் வைத்ததுமே தெரியும்.)

பெரம்பூர் டீச்சர் | 11.15

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் இருபது வருஷமாக இயற்பியல் எடுக்கிறேன், இதைக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வருவதும் போவதும் ஒரே சரக்கு இல்லை. சூரியனின் மேற்பரப்பு 5500 டிகிரி செல்சியஸ் அளவு சூடு. அவ்வளவு சூடான பொருள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும் அதை ஒட்டிய அலைகளாகவும் ஆற்றலை அனுப்பும். அலைநீளம் அரை மைக்ரான் பக்கத்தில் உச்சம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூமியின் சராசரி 15 டிகிரிதான். அதுவும் கதிர் வீசுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், அலைநீளம் 10 மைக்ரான் பக்கம், அதாவது இருபது மடங்கு நீளம். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று மேலே கையை நீட்டிப் பார்ப்போமே, கல் ஒளிரவில்லை, ஆனாலும் உள்ளங்கைக்குச் சூடு வருகிறது. அதில் அனல்காற்றும் கொஞ்சம் உண்டு, மீதி இந்தக் கதிர்தான். பூமி முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல், இதை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டும் ஒளியையும் விட்டுவிடும், அகச்சிவப்பையும் விட்டுவிடும். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை அப்படி இல்லை. ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, அகச்சிவப்பில் தங்களுக்கு ஒத்துவரும் அலைநீளங்களை விழுங்கிக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு நடுவில் ஒரு கார்பன், இரண்டு பக்கம் ஆக்சிஜன், வில்லை வளைத்து வளைத்து விடுவது போல் ஆடக்கூடியது. அந்த ஆட்டத்தின் வேகமும் 15 மைக்ரான் கதிரின் அதிர்வும் ஒன்று. அதனால் பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜனில் ஒரே மாதிரி இரண்டு அணு, அது எப்படி ஆடினாலும் இந்தக் கதிருக்குப் பிடி கிடைக்காது.

ஆஸ்பெஸ்டாஸ் ரெண்டையும் தடுக்கும், அதனால் அது இந்தக் கதைக்கு உதாரணமே ஆகாது என்று மகளிடம் சொல்லுங்கள்.

சந்தேகப்புலி | 11.31

டீச்சர், மரியாதையோடு ஒரு கேள்வி. கார்பன் டை ஆக்சைடு காற்றில் எவ்வளவு? 0.04 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறில் நாலு. நாலு பேர் சேர்ந்து பத்தாயிரம் பேரைச் சூடேற்றுகிறார்கள் என்பதை எப்படி நம்புவது? வியாசர்பாடி கிரவுண்டில் பத்தாயிரம் பேர் மேட்ச் பார்க்கும்போது நாலு பேர் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

பழைய வண்ணை | 11.44

மீதி 9,996 பேரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் கேட்கும் தலைவா. டீச்சர் அதைத்தானே சொன்னார், நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த ஆட்டத்திலேயே இல்லை.

நான் எங்கள் ஊர் உதாரணம் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டை என்ற பேருக்கே அதுதான் பொருத்தம். பத்து லிட்டர் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து 4 மில்லி சொட்டு நீலம் விடுங்கள், ஒரு டீஸ்பூன் கூட இல்லை. நீங்கள் சொன்ன அதே 0.04 சதவீதம். இப்போது பக்கெட்டின் அடி தெரிகிறதா பாருங்கள். எவ்வளவு விட்டோம் என்பதைவிட, விட்ட பொருள் ஒளியை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். இத்தனைக்கும் பக்கெட் ஒரு அடி ஆழம். நம் தலைக்கு மேலே காற்று பல கிலோமீட்டர்.

சந்தேகப்புலி | 11.50

சொட்டு நீலம் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் பக்கமும் பேசுகிறது, நாளைக்குச் சொல்கிறேன். கரண்ட் போய்விட்டது, போனில் 6 சதவீதம்தான் இருக்கிறது.

கேஸ்_மெக்கானிக் | திங்கள், காலை 7.20

ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன், மணலி. ஓசோன் அண்ணனுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் குழப்பம் எங்கள் தொழிலில்தான் பிறந்தது.

ஓசோன் என்பது மேலே 15 கிலோமீட்டருக்கு அப்பால் புற ஊதாக்கதிரை வடிகட்டும் வாயு. ஓட்டை என்று சொல்வது அண்டார்டிகாவுக்கு மேலே வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபரில் அது மெலிவதை. சென்னைக்கு மேலே ஓட்டை எதுவும் கிடையாது, அது வழியாக யார் வீட்டுக் கூரையிலும் வெயில் இறங்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் கேஸில் இருந்த குளோரின்தான் அந்த வேலையைச் செய்தது, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அவற்றை நிறுத்திக்கொண்டே வருகிறார்கள், ஓசோனும் மெல்லத் தேறி வருகிறது.

குழப்பம் எங்கே என்றால், அதே கேஸ்கள் அகச்சிவப்பையும் பிடிக்கும். அதற்குப் பதிலாக வந்த ஆர் 410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் வெப்பத்தைப் பிடிப்பதில் நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கு மேல். இப்போது வீட்டு ஏசிகளில் வரும் ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்கு. லீக் எங்கே என்று பார்க்காமல் வருஷா வருஷம் கேஸ் அடித்துவிட்டுப் போகிறவர்களையும், கழற்றும்போது பழைய கேஸை வால்வைத் திறந்து காற்றில் விடுகிறவர்களையும் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு கிலோ விட்டால் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு. நானும் ஆரம்ப காலத்தில் விட்டிருக்கிறேன், தெரியாமல்.

டீச்சருக்கு ஒரு கேள்வி. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்தால் வேகுமே, அது பசுமை இல்ல விளைவா? கண்ணாடியும் அகச்சிவப்பை விடாதுதானே?

பெரம்பூர் டீச்சர் | காலை 8.05

பஸ்ஸில் இருக்கிறேன், சுருக்கமாக. கண்ணாடி விடாது, உண்மை. ஆனால் வண்டி வேகக் காரணம் பெரும்பாலும் அது இல்லை. உள்ளே சூடான காற்று மேலே எழுந்து வெளியே போக வழியில்லை, அதுதான் காரணம். கண்ணாடியை ரெண்டு இன்ச் இறக்கினால் சூடு குறைகிறதே, கண்ணாடி அங்கேயேதான் இருக்கிறது. 1909 இல் ராபர்ட் வுட் என்பவர் இரண்டு பெட்டி செய்து, ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறை உப்பைத் தகடாக்கி மூடி வைத்து வெயிலில் வைத்தார். பாறை உப்பு அகச்சிவப்பை விட்டுவிடும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சூடுதான் வந்தது. ஆக செடி வளர்க்கும் கண்ணாடி வீடு, அதாவது பசுமை இல்லம், வேலை செய்யும் விதம் வேறு, வளிமண்டலம் வேலை செய்யும் விதம் வேறு. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தலைப்புக்கு நேரடிப் பதில்: உதாரணம் சரியில்லை.

பாய்லர்_ரிட்டையர்டு | காலை 9.30

அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணூர் பற்றிய பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

12 கிலோ கார்பன் எரிந்தால் காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோ வாயுவாகப் போகும். நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் அதிகம், எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. ராத்திரி ஏசி ஐந்து யூனிட் இழுத்தால் ஐந்து கிலோ. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, அதனால் யாரும் கணக்கு வைப்பதில்லை. சாம்பல் துணியில் படியும், அதற்குச் சண்டை போடுவோம். இது படியாது.

ஆனால் அம்மா, எண்ணூரில் விட்ட வாயு எண்ணூரிலேயே நின்று உங்கள் வீட்டைச் சுடுவதில்லை. கடற்காற்றும் மேல்காற்றும் அதை அள்ளிக்கொண்டு போய் ஒன்றிரண்டு வருஷத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். பசிபிக் கடல் நடுவில் ஹவாய் தீவில் மௌனா லோவா மலைச் சரிவில் உயரமான இடத்தில் 1958 முதல் அளக்கிறார்கள், சார்லஸ் கீலிங் தொடங்கி வைத்தது. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு, இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. அந்த மலையில் புகைக்கூண்டே கிடையாது. அங்கே ஏறியதில் நம் எண்ணூரும் இருக்கிறது, சீனாவும் இருக்கிறது, அமெரிக்காவும் இருக்கிறது. ராயபுரத்தில் வேகிறது என்றால் ஷீட், சிமென்ட், மரமில்லாத தெரு, ஈரக்காற்று, இதையெல்லாம்தான் முதலில் சொல்ல வேண்டும். உலகச் சூடு அதற்கு மேல் ஒரு டிகிரி சொச்சம் ஏற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு டிகிரி எல்லோர் வீட்டிலும், எல்லாக் கடலிலும் ஏறியிருக்கிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நிலக்கரிப் புகையோடு போகும் கந்தக டை ஆக்சைடு வானத்தில் நுண்துளியாகி வெயிலைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் குளிரவும் வைக்கிறது. அது சில நாளில், சில வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். கூடவே போன கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு நூற்றுக்கணக்கான வருஷம் நிற்கும். குளிர்விப்பவன் வாரக்கூலி, சுடுபவன் பர்மனென்ட் ஸ்டாஃப்.

ரயில்_பைத்தியம் | காலை 10.10

பெரியவர் பர்மனென்ட் ஸ்டாஃப் என்றதும் சிரித்துவிட்டேன்.

ராயபுரம் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியது, தென்னிந்தியாவுக்கே முதல் பயணிகள் ரயில். அடுத்த மாதம், ஆகஸ்ட் 1856 இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்ணின் கட்டுரை ஓர் அறிவியல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, தெர்மாமீட்டர் வைத்து, வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது, நிழலுக்குக் கொண்டுவந்த அப்புறமும் ஆற நேரம் எடுத்தது. பூமியின் காற்றில் இந்த வாயு அதிகமாக இருந்த காலத்தில் பூமியும் சூடாக இருந்திருக்கும் என்று எழுதினார். கட்டுரையைக்கூட அவர் வாசிக்கவில்லை, ஜோசப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி வாசித்தார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் மறந்தே போனார்கள். மூன்று வருஷம் கழித்து ஜான் டிண்டால் அகச்சிவப்பை வைத்தே நேரடியாக அளந்து காட்டினார், பேர் அவருக்குப் போனது.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நம்ம ஸ்டேஷன் வயசுதான் இந்த அறிவியலுக்கும்.

சந்தேகப்புலி | மாலை 6.48

சார்ஜ் ஏற்றிவிட்டேன். சொட்டு நீலத்துக்கு வருகிறேன். 4 மில்லி விட்டதும் பக்கெட் அடி தெரியவில்லை. சரி. இன்னும் 4 மில்லி விட்டால்? ஏற்கெனவே தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அதாவது 15 மைக்ரான் கதிரை இருக்கிற கார்பன் டை ஆக்சைடே முழுசாக விழுங்கிவிட்டது என்றால், மேலும் சேர்த்தால் விழுங்க என்ன மிச்சம் இருக்கிறது? இது என் கற்பனை இல்லை. 1900 இலேயே நட் ஆங்ஸ்ட்ராம் என்ற சுவீடன்காரர் குழாயில் வாயுவை அடைத்து அளந்து, கூடக் குறைய வைத்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று, இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் எனக் கணக்குப் போட்ட அர்ரீனியஸுக்கு எதிராக எழுதினார். பதில் சொல்லுங்கள்.

கேஸ்_மெக்கானிக் | 7.02

இது நல்ல கேள்வி. எனக்கும் தெரியவில்லை.

பெரம்பூர் டீச்சர் | இரவு 9.20

பேப்பர் திருத்தி முடித்துவிட்டு வந்தேன். இதுதான் மொத்த விஷயத்தின் கரு, பாடப்புத்தகம் தொடாத இடம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

போகிப் பண்டிகை காலையை நினைத்துக்கொள்ளுங்கள். டயரும் பாயும் எரித்து வடசென்னை முழுக்கப் புகை. விமானத்திலிருந்து கீழே பார்க்கிறவருக்குத் தெரு தெரியாது, புகையின் மேல்முகம்தான் தெரியும். இன்னும் நூறு பேர் டயரைக் கொளுத்தினால் தெரு "மேலும் தெரியாமல்" போகாது, புலி சொல்வது சரி. ஆனால் புகையின் மேல்முகம் இன்னும் உயரும்.

விண்வெளியிலிருந்து, 15 மைக்ரான் கதிர் மட்டும் தெரிகிற மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பூமியைப் பார்த்தால் அதே கதைதான். தரை தெரியாது. தரையிலிருந்து போகும் கதிர் கொஞ்ச தூரத்திலேயே விழுங்கப்படுகிறது, விழுங்கிய மூலக்கூறு பக்கத்தில் இருப்பவற்றோடு மோதிச் சூட்டைப் பகிர்கிறது, அந்தச் சூடான காற்று தன் பங்குக்குக் கதிர் வீசுகிறது, மேலேயும் கீழேயும். இப்படி அடுக்கடுக்காக மேலே ஏறி, காற்று மெலிந்த ஓர் உயரத்தில்தான் கதிர் தடையில்லாமல் விண்வெளிக்குத் தப்பிக்கிறது. எல்லா அலைநீளத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்த உயரம் சுமார் 5 கிலோமீட்டர். அங்கே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி.

இந்த மைனஸ் 18 எங்கிருந்து வந்தது? சூரியனிலிருந்து வருவதை உருண்டை முழுக்கப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 340 வாட். அதில் 30 சதவீதம் மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடும். மீதி 240. இந்த 240 ஐத் திருப்பி வீச ஒரு பொருள் மைனஸ் 18 இல் இருந்தால் போதும். காற்றில் இந்த வாயுக்களே இல்லாமல், திருப்பி அனுப்பும் பங்கு மட்டும் இப்போது போலவே இருந்தால், தரையின் சராசரி அந்த மைனஸ் 18 ஆகத்தான் இருக்கும். இப்போது 15. வித்தியாசம் 33 டிகிரி. மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி குறையும், ஊட்டி ஏறும்போது நாமே உணர்வது. 5 ஐ ஆறரையால் பெருக்கிப் பாருங்கள். முப்பத்திரண்டரை. எனக்கு முதல் தடவை இந்தக் கணக்கு பொருந்தியபோது உடம்பு சிலிர்த்தது.

இப்போது கார்பன் டை ஆக்சைடு கூடினால் தப்பிக்கும் உயரம் மேலே போகிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் வீசும். வருவது 240, போவது 240 ஐ விடக் குறைவு. மிச்சம் கீழேயே தங்கிச் சூடேற்றுகிறது, அந்தப் புதிய உயரமும் மறுபடி 240 வீசுகிற அளவு சூடாகும் வரை. அளவு இரட்டிப்பானால் உயரம் சுமார் 150 மீட்டர் கூடும், அதற்குத் தரையில் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஆங்ஸ்ட்ராம் குழாய்க்குள் வாயு விழுங்குவதை அளந்தார், அந்த அளவில் பெரிய தப்பில்லை. ஆனால் குழாயில் உயரம் கிடையாது, மேலே போனால் குளிரும் கிடையாது. வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டு இதை ஒழுங்காகக் காட்டியது மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1967 இல். மனாபேவுக்கு 2021 இல் நோபல் கொடுத்தார்கள்.

பாய்லர்_ரிட்டையர்டு | 9.41

டீச்சர் அம்மா, 31 வருஷம் பாய்லரோடு வாழ்ந்தும் இந்த உயரக் கதை எனக்குத் தெரியாது.

பிள்ளைக்கு எளிதாகச் சொல்ல ஒரு வழி. மாடியில் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் ஒரே அளவில் உள்ளே ஊற்றிக்கொண்டே இருக்கிறது, அடியில் ஓட்டை வழியாக அதே அளவு போய்க்கொண்டே இருக்கிறது, மட்டம் அசையாமல் நிற்கிறது. ஓட்டையைக் கொஞ்சம் அடைத்துப் பாருங்கள். போவது குறையும், மட்டம் ஏறும், ஏற ஏற அழுத்தம் கூடிக் கடைசியில் மறுபடி அதே அளவு வெளியே போகும். வருவதும் போவதும் பழையபடி சமம், ஆனால் தொட்டியில் தண்ணீர் அதிகம். சூடு உள்ளே சிறைப்பட்டுவிடவில்லை. போகிற வழி இறுகியதால் மட்டம் உயர்ந்துவிட்டது.

இப்போது நாம் ஓட்டையைத் தினம் தினம் அடைத்துக்கொண்டே வருகிறோம், அதனால் மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஐஸ்பெட்டி | 9.55

அந்த மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று எங்களைக் கேளுங்கள் பெரியவரே. கூடுதலாகத் தங்கும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடல்தான் வாங்கிக்கொள்கிறதாம். மத்தி குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று துறைமுகத்தில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியாது, வலை போடும் முறையிலும் தப்பு இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டி மீனுக்கு முன்பு போட்ட ஐஸ் இப்போது சாயங்காலம் வரை தாங்குவதில்லை என்பது என் கை அனுபவம்.

சந்தேகப்புலி | 10.20

போகிப் புகை உதாரணத்தை இரண்டு தடவை படித்தேன். ஆங்ஸ்ட்ராம் விஷயத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னும் ஒன்று மிச்சம். பசுமை இல்ல வாயுக்களிலேயே பெரிய ஆள் நீராவிதான் என்று எங்கும் போட்டிருக்கிறது. அதை யாரும் திட்டுவதில்லை. கார்பனை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

பெரம்பூர் டீச்சர் | 10.38

பெரிய ஆள் அதுதான், மொத்த விளைவில் ஏறக்குறைய பாதி. மேகம் கால் பங்கு, கார்பன் டை ஆக்சைடு ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நீராவி தானாக முடிவெடுக்காது. அதிகமானால் மழையாகக் கொட்டிவிடும், காற்றில் தங்குவது பத்து நாள் அளவு. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது, ஒரு டிகிரி கூடினால் 7 சதவீதம் அதிகம். கார்பன் டை ஆக்சைடு மழையாக விழாது. அது ஒரு டிகிரி ஏற்றினால் நீராவி கூடவே சேர்ந்து இன்னும் ஏற்றுகிறது. அதனால்தான் இரட்டிப்புக்கு ஒரு டிகிரி என்று நான் சொன்னது, பனி உருகுவது, மேகம் மாறுவது எல்லாம் சேர்ந்து இறுதியில் 3 டிகிரி பக்கம் வந்து நிற்கிறது.

நீராவியின் வேலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் ஊட்டியில் வானம் தெளிவாக இருக்கும் ராத்திரி புல்லில் உறைபனி பிடிக்கும். உயரத்தில் காற்றும் நீராவியும் குறைவு, தரையின் சூடு நேராக மேலே ஓடிவிடும். நம் ஊரில் மப்பு போட்ட ராத்திரி எப்படிப் புழுங்கும்! அதில் காற்றின் ஈரம் வியர்வையை உலரவிடாதது ஒரு பங்கு, மேகம் கீழே திருப்பி வீசும் சூடு ஒரு பங்கு.

பழைய வண்ணை | 10.45

அப்படியென்றால் கொடுங்கையூர் குப்பை மேடு? அதில் வருவதும் இந்த வகைதானே.

பெரம்பூர் டீச்சர் | 10.51

ஆமாம், உணவுக் கழிவு காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன். நூறு வருஷக் கணக்கில் 28 மடங்கு வலிமை, ஆனால் பன்னிரண்டு வருஷம் அளவில் சிதைந்துவிடும். குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கினால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும். அது தனி இழைக்கான விஷயம்.

சந்தேகப்புலி | 10.58

கடைசியாக. கூடியது மனிதன் விட்டதுதான் என்று எப்படித் தெரியும்? எரிமலை விட்டிருக்கலாமே.

பாய்லர்_ரிட்டையர்டு | 11.06

தம்பி, எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இன்னொரு தடயமும் உண்டு. நிலக்கரி கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்ததால் அதில் கார்பன் 14, அதாவது காலப்போக்கில் தானாகச் சிதையும் கார்பன் வகை, முழுக்கச் சிதைந்து போயிருக்கும். அது எரிந்து காற்றில் கலக்கக் கலக்கக் காற்றின் கார்பன் 14 விகிதம் நீர்த்துப்போகிறது. அந்த வாயு எங்கள் பாய்லர் வழியாகப் போனதுதான் என்பதற்கு ரசீது மாதிரி. எரிமலை கார்பனிலும் 14 கிடையாது என்பீர்கள், அதற்குத்தான் கார்பன் 13 என்ற சிதையாத, சற்றே கனமான இன்னொரு வகை இருக்கிறது. செடி கொடியிலிருந்து வந்த நிலக்கரியில் அது குறைவு, எரிமலையில் அப்படிக் குறையாது. காற்றில் இப்போது அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.

கேஸ்_மெக்கானிக் | செவ்வாய், இரவு 8.30

எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், நான் ஒரு வேலை செய்தேன். எங்களிடம் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருக்கும், டக்ட் வாயில் கூலிங் பார்க்கும் துப்பாக்கி. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இல்லை, மைனஸ் வரைக்கும் காட்டும் வகை. நேற்று ராத்திரி மொட்டை மாடியில் நேராக வானத்தைக் காட்டினேன். தெளிந்த இடத்தில் 3 டிகிரி. ஒரு மேகம் வந்ததும் அதே இடம் 18. மேகம் போனதும் திரும்ப 4. தரை 33. வானம் கீழே சூடு வீசுகிறது என்று டீச்சர் சொன்னதை என் கையிலேயே பார்த்தேன்.

பெரம்பூர் டீச்சர் | 8.44

அருமை! ஒரு திருத்தம் மட்டும். அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும். 15 மைக்ரான் அதில் வராது. அதனால் நீங்கள் அளந்தது மேகமும் நீராவியும் வீசியதை. கார்பன் டை ஆக்சைடு அதற்கு வெளியே நிற்கிறது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை.

கல்மண்டபம்வாசி | 9.15

இரண்டு நாளாக எல்லாவற்றையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். தொட்டியும் போகிப் புகையும் உடனே பிடிபட்டது. யூனிஸ் ஃபுட் பேரை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். உயரக் கணக்கைத் தானே பெருக்கிப் பார்த்து, "அரை டிகிரி இடிக்குதே" என்றாள். சுமார் 5 கிலோமீட்டர் என்றுதானே சொன்னார்கள் என்று சமாளித்தேன்.

சுண்ணாம்பும் அடித்துவிட்டோம் ஐஸ்பெட்டி தம்பி. இன்று சாயங்காலம் ஷீட்டை அண்ணாந்து கையை நீட்டிப் பார்த்தேன், முந்தாநாள் போல் அடிக்கவில்லை.

மெக்கானிக் தம்பி, அந்தத் துப்பாக்கியை ஒருநாள் கொண்டுவர முடியுமா? சுண்ணாம்பு அடித்த பக்கத்தையும் அடிக்காமல் விட்ட மூலையையும் அளக்க வேண்டுமாம் அவளுக்கு.

சந்தேகப்புலி | 9.22

எனக்கும் வானத்தை அளக்க வேண்டும். நம்பாமல் இல்லை. என் கையால் பார்க்க வேண்டும்.

கேஸ்_மெக்கானிக் | 9.30

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குமேல் வேலை முடித்துவிட்டு வருகிறேன் அக்கா. புலி அண்ணனும் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். பேட்டரி மட்டும் யாராவது வாங்கி வையுங்கள், 9 வோல்ட் சதுர பேட்டரி.